வேலையைவிட்டு அனுப்புவது எளிதானால் வேலை கிடைப்பதும் எளிதாகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதியில், ஆடி மாதத்து ஞாயிறுகளில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். வரிசையில் நிற்பவர்களுக்குக் கையில் சொம்பு, வாயில் அரசியல். இந்த முறை எனக்கு முன்னால் நின்றவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமா. பின்னால் என் பெரியம்மா. டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 18 வருடம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்.

“இந்த நாட்டில் ஒருவனை வேலைக்கு வைப்பது தாலி கட்டுவது மாதிரி. பிறகு பிரியவே முடியாது. அப்படியிருந்தால் எவன் ஆள் எடுப்பான்?” என்றார் மாமா.

பெரியம்மா விடவில்லை. “எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள் தம்பி. 18 வருடத்துக்கு 18 வாரச் சம்பளம். என்னைப் பிரிவதில் அவர்களுக்கு என்ன சிரமம் இருந்தது?”

இருவரும் பேசியது ஒரே நாட்டின் ஒரே சட்டத்தைப் பற்றி. இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ‘தொழிலாளர் சந்தை நெகிழ்வு’ என்ற சொல் இப்படித்தான் நம்மிடையே உலவுகிறது. ஒரு சாரார் அதைச் சர்வரோக நிவாரணி என்கிறார்கள், மறு சாரார் அடிமைத்தனத்துக்கு வைத்த புதுப்பெயர் என்கிறார்கள். எந்த நெகிழ்வு, யாருக்கு நெகிழ்வு என்று கேட்டுவிட்டுச் சண்டையைத் தொடங்குபவர்கள் குறைவு. பொருளாதாரம் படித்திராதவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாடகை அறை

சாட்ஸ்வர்த்திலும், டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடாத தெரு அநேகமாக இல்லை. குடிவந்தவர் வாடகை கொடுக்காவிட்டாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. 1998-ஆம் ஆண்டின் சட்டம் அப்படி. மூட்டை முடிச்சோடு நடுத்தெருவில் நிறுத்தப்பட்ட மக்களின் வரலாறு இங்கே நீண்டது என்பதால் வந்த சட்டம் அது.

இதனால் என்ன நடக்கிறது? குடியிருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறார், சுவருக்கு வண்ணம் பூசுகிறார். வீட்டுக்காரரோ அடுத்த முறை ஆள் வைக்கும்போது பத்து முறை யோசிக்கிறார். தெரிந்தவர் சொல்லி வந்தால்தான் கதவு திறக்கும். சம்பளச் சீட்டு கேட்பார், முன்பணம் கேட்பார். ஒருவரிடம் பட்டுத் தெளிந்த சிலர் அறையைப் பூட்டியே வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சட்டத்தால் ஊரில் காலி அறைகள் கூடினவா, குறைந்தனவா? இருந்த இடத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. வெளியேறுபவர்கள் குறைந்தார்கள், புதிதாக நுழைபவர்களும் குறைந்தார்கள். எது அதிகம் குறைந்தது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உள்ளே இருப்பவருக்கு வாழ்க்கை சுலபமாயிற்று, வாசலில் நிற்பவருக்குக் கடினமாயிற்று.

அறை இருக்கும் இடத்தில் வேலையை வையுங்கள். ஆளை நீக்குவதற்குக் காரணம், முறை, இழப்பீடு கேட்கும் விதிகளை வேலைப் பாதுகாப்பு என்கிறோம். உள்ளே இருக்கும் தொழிலாளிக்கு அது காவல். முதலாளிக்கு அது ஒரு செலவு, ஆனால் நீக்கும் நாளில் மட்டும் வரும் செலவல்ல. ஆள் எடுக்கும் நாளிலேயே ‘நாளை இவனை அனுப்ப வேண்டி வந்தால்?’ என்று மனத்துக்குள் கணக்கு எழுதிவிடுகிறார்.

இந்த உவமை ஓர் இடத்தில் உடையும். குடியிருப்பவர் போனாலும் அறை நிற்கும். ஆள் போனால் வேலையே இல்லாமல் போகலாம், தொழிற்சாலையே மூடலாம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

வளைவது ஒரு விதமாக அல்ல

பெரியம்மாவின் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய கடைச் சங்கிலி சட்டைகளுக்கான ஆர்டரைப் பாதியாக்கிவிட்டது. முதலாளி என்ன செய்வார்?

பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பலாம். இங்கே எல்லோரும் ‘ரிட்ரெஞ்ச்’ என்று சொல்லும் ஆட்குறைப்பு அது, எண்ணிக்கையில் வளைவது. ஒருவரையும் அனுப்பாமல் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஆலையை ஓட்டலாம். டர்பன் தையல்காரப் பெண்கள் ‘ஷார்ட் டைம்’ என்பது இதைத்தான், நேரத்தில் வளைவது. எல்லோருக்கும் கூலியைக் குறைத்துச் சட்டையின் விலையைக் குறைக்கலாம், அது ஊதியத்தில் வளைவது. அல்லது ஓவர்லாக் இயந்திரத்தில் இருந்தவரைப் பொத்தான் துளை போடவும், வெட்டு மேசையில் இருந்தவரைப் பெட்டி கட்டவும் பழக்கிப் பள்ளிச் சீருடைக்கு மாறலாம். அது பணியில் வளைவது.

தேவை ஏறி இறங்கும்போது ஆள்களின் எண்ணிக்கை, வேலை நேரம், ஊதியம், செய்யும் பணி ஆகியவற்றை எவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறதோ அதுவே தொழிலாளர் சந்தையின் நெகிழ்வு. மேடையில் பேசுபவர்களின் வாயில் இது பெரும்பாலும் முதல் வகையாக மட்டும் சுருங்கிவிடுகிறது. ஒரு வகையில் வளைய முடியாத நாடு இன்னொரு வகையில் வளைந்து தப்பிக்கலாம்.

2009 நினைவிருக்கும். உலகமெங்கும் நிதி நெருக்கடி. அமெரிக்காவில் ஆளை நீக்குவது மிகச் சுலபம். 2007 இறுதியில் 5 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. ஜெர்மனியில் அந்த வருடம் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது, ஆனால் வேலையின்மை ஏறக்குறைய அசையவில்லை. ஆள்களை அனுப்பாமல் நேரத்தைக் குறைத்தார்கள், இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு கொடுத்தது. உச்சத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் குறுகிய நேரம் வேலை பார்த்தார்கள். பெரியம்மாவின் ஷார்ட் டைம்தான், அரசாங்கக் காசோடு.

ஜோஜோ தொட்டிக் கணக்கு

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீட்டார் வைத்திருக்கும் வீட்டாரைப் பொறாமையோடு பார்க்கிறார்கள். அந்தத் தொட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நிற்கும் தண்ணீர்தான் வேலையில்லாதவர்கள். மேல் குழாய் வழியாக, வேலை போனவர்களும் பள்ளி முடித்து வேலை தேட வந்தவர்களும் விழுகிறார்கள். கீழ்க் குழாய் வழியாக, வேலை கிடைத்தவர்கள் வெளியேறுகிறார்கள். நாம் செய்தியில் கேட்பது தொட்டியின் மட்டத்தை மட்டும். குழாய்களின் வேகத்தை யாரும் சொல்வதில்லை.

ஒரு கற்பனை ஊர். அங்கே 1,000 தொழிலாளர்கள். மாதம் 20 பேருக்கு வேலை போகிறது, ஒவ்வொருவருக்கும் அடுத்த வேலை கிடைக்க 5 மாதம் ஆகிறது. எந்த நாளில் எண்ணினாலும் ஏறக்குறைய 100 பேர் வேலையின்றி இருப்பார்கள். 20-ஐ 5-ஆல் பெருக்கினால் போதும்.

இப்போது அங்கே கடுமையான வேலைப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. முதலாளிகள் மாதம் 10 பேரைத்தான் நீக்குகிறார்கள். ஆனால் ஆள் எடுக்கவும் தயங்குவதால், வேலை போனவருக்கு அடுத்தது கிடைக்க 10 மாதம் ஆகிறது. 10-ஐ 10-ஆல் பெருக்குங்கள். அதே 100 பேர்!

மட்டம் மாறவில்லை. ஆனால் இரண்டும் ஒரே ஊர் அல்ல. முதல் ஊரில் அடிக்கடி வேலை போகும், விரைவில் வேறு கிடைக்கும். இரண்டாவது ஊரில் வேலை எளிதில் போகாது, போனால் பத்து மாதம் வாசலில் காத்திருக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் கெட்டுப்போவதுபோல் நீண்ட நாள் வேலையின்மையும் ஆளைக் கெடுக்கும். கை பழக்கம் விட்டுப்போகும், ‘இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தாய்?’ என்ற கேள்வி கூடவே வரும்.

வேலைப் பாதுகாப்பால் வேலையின்மை கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். சட்டம் இரண்டு குழாய்களையும் சேர்த்தே திருகுகிறது. 1994-இல் நெகிழ்வே மருந்து என்று அடித்துச் சொன்ன பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பு, 2006-இல் தன் பரிந்துரையைத் திரும்பிப் பார்த்தபோது குரலைத் தணித்துக்கொண்டது. தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, எவருடைய தண்ணீர், எத்தனை நாள் தேங்குகிறது என்பதில்தான் சட்டத்தின் தடம் தெளிவாகத் தெரிகிறது. நடுவயதில் வேலையில் இருப்பவருக்கு லாபம், முதல் வேலை தேடும் இளையவருக்கு நட்டம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: நெகிழ்வு நான்கு விதம், நீக்கும் சுலபம் அதில் ஒன்று. அந்த ஒன்றும் உள்வரவையும் வெளியேற்றத்தையும் ஒருசேர மாற்றுகிறது. ஆகவே ‘நீக்கம் எளிதானால் வேலையின்மை குறையும்’ என்பதும், ‘நீக்கம் எளிதானால் வேலையின்மை பெருகும்’ என்பதும் பாதிக் கணக்குகள்.

மாமா சொன்னது, பெரியம்மா சொன்னது

தென்னாப்பிரிக்காவின் தொழிலாளர் உறவுச் சட்டம் 1995-இல் வந்தது. ஒருவரை நீக்க மூன்று காரணங்களை அது ஏற்கிறது: நடத்தைக் கேடு, வேலை செய்ய இயலாமை, நிறுவனத்தின் வியாபாரத் தேவை. காரணம் நியாயமாக இருக்க வேண்டும், நீக்கிய முறையும் நியாயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளி 30 நாளுக்குள் சிசிஎம்ஏ எனப்படும் சமரச, நடுவர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கைப் பதிய அவருக்குச் செலவில்லை.

பெரியம்மாவுக்கு நடந்தது மூன்றாவது வகை. வியாபாரத் தேவைக்காக நீக்கினால் முன்கூட்டிக் கலந்து பேச வேண்டும். பேசிய பிறகு, வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் கொடுத்தால் போதும். இந்தியாவின் பழைய தொழிற்தகராறுச் சட்டம்கூட வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கேட்டது. காசுக் கணக்கில் பார்த்தால் தென்னாப்பிரிக்காவில் ஆட்குறைப்பு மலிவுதான். 18 வருட வாழ்க்கைக்கு நாலரை மாதச் சம்பளத்துக்கும் குறைவு.

மாமாவுக்கு நடந்தது முதல் வகை. கல்லாவில் கை வைத்ததாக ஒரு பையனை அன்றே அனுப்பினார். விசாரணை வைக்கவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. ஆணையத்துக்கு இரண்டு நாள் அலைந்தார், கடையை மூடிவிட்டு. முடிவில் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துச் சமரசமானார். நூற்றுக்கணக்கான ஆள்கள் உள்ள நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கும், படிவம் இருக்கும். நாலு பேர் உள்ள கடையில் மாமாவே துறை, மாமாவே படிவம்.

உலகப் பொருளாதார மன்றம் தொழிலதிபர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டு வந்த தரவரிசைகளில், ஆள் சேர்ப்பிலும் நீக்கத்திலும் தென்னாப்பிரிக்கா கடைசி வரிசைகளில் இருந்தது. சட்டத்தின் எழுத்தை மட்டும் அளக்கும் ஓஇசிடி அளவுகோலில் அது கடுமையான நாடுகளோடு சேரவில்லை. கேட்டவர் வேறு, அளந்தது வேறு. என் கணிப்பில் இங்கே பெரிய விலை இழப்பீட்டுப் பணத்தில் இல்லை, முறையில் இருக்கிறது. அந்த விலை சிறிய கடைகளின் தலையில்தான் அதிகம் விழுகிறது. ஒரு நாட்டில் புதிய வேலைகள் சிறிய கடைகளிலிருந்தும் வர வேண்டும் என்றால் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஊதியம் என்ற இன்னொரு திருகு

டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்தின் வடக்கே நியூகாசல் என்ற ஊர். அங்கே சீன, தைவான் முதலாளிகள் நடத்திய தையல் ஆலைகளில் சூலு பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். இந்தத் துறையில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் ஒரு பேரப்பேச்சு மன்றத்தில் உட்கார்ந்து ஊதியம் நிர்ணயிக்கின்றன. அமைச்சர் கையெழுத்திட்டால், பேச்சில் கலந்துகொள்ளாத ஆலைகளையும் அந்த ஊதியம் கட்டுப்படுத்தும். நியூகாசல் ஆலைகள் அதைவிடக் குறைவாகக் கொடுத்தன. 2010-இல் மன்றம் நடவடிக்கை எடுத்தபோது முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். நல்ல சம்பளத்துக்காக நடந்த போரில், ‘எங்களுக்குக் குறைந்த சம்பளமே போதும், ஆலையைத் திறங்கள்’ என்று தொழிலாளிகளே தெருவில் நின்ற காட்சி பலருடைய மனசாட்சியை உறுத்தியது. அறை உவமை உடையும் என்று சொன்னேனே, அது இங்கேதான். ஆலை மூடினால் பாதுகாக்க வேலையே இல்லை.

ஆகவே ஊதியத்துக்குத் தரை வைப்பதே தவறா? அவசரப்பட வேண்டாம். டர்பன் காலை மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோகும் தோட்டக்காரரைக் கேளுங்கள். அங்கே வாங்க ஐம்பது பேர் உண்டு, ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்தவரிடம் போகலாம். தோட்டத்து வாசலுக்கு ஒரே ஒரு லாரிதான் வரும் என்றால்? லாரிக்காரர் சொன்னதே விலை. அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் சிலர் பயிரிடுவதையே விட்டுவிடுவார்கள். அங்கே ஒரு குறைந்தபட்ச விலை வைத்தால் விற்பனை குறையாது, கூடவும் கூடும். சுற்றுவட்டாரத்தில் ஒரே முதலாளி இருக்கும் ஊரில் கூலிக்கும் இதே கதைதான்.

தென்னாப்பிரிக்காவில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. துறைவாரிக் குறைந்தபட்ச ஊதியங்கள் வந்த பிறகு கடைகள், வீட்டுவேலை போன்ற துறைகளில் வேலைகள் குறிப்பிடும்படி குறையவில்லை. 2003-இல் பண்ணைகளுக்கு வந்தபோது அங்கே குறைந்தன. 2019 ஜனவரியில் நாடு முழுமைக்கும் மணிக்கு 20 ராண்ட் என்று தரை போடப்பட்டது. 2025 மார்ச்சில் அது 28.79 ராண்ட். தரை எவ்வளவு உயரம், எந்தத் துறை, எந்த ஊர் என்பதைச் சொல்லாமல் ‘குறைந்தபட்ச ஊதியம் வேலையைக் கொல்லும்’ என்பவரையும் ‘கொல்லவே கொல்லாது’ என்பவரையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன்.

பாதி வீட்டுக்கு மட்டும் கதவு திறந்தால்

ஸ்பெயினின் அனுபவம் இங்கே பாடமாகும். 1984-இல் அந்த நாடு நிரந்தர ஊழியர்களின் பாதுகாப்பைத் தொடாமல், தற்காலிக ஒப்பந்தங்களுக்கு மட்டும் கதவை அகலத் திறந்தது. சில வருடங்களில் மூன்றில் ஒரு தொழிலாளி தற்காலிகமானார். நல்ல காலத்தில் ஆள் எடுத்தார்கள், வேலையின்மை இறங்கியது. கெட்ட காலம் வந்ததும் தற்காலிகமானவர்களை ஒரே வீச்சில் அனுப்பினார்கள். 2007-இல் 8 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2013-இல் 26 விழுக்காட்டைத் தொட்டது. கட்டட வியாபாரம் சரிந்ததும் ஒரு பெரிய காரணம். ஆனாலும் அடி விழுந்த இடத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் இளையவர்கள் மேல்.

இங்கே அதற்கு நிகரானது ‘லேபர் புரோக்கர்’ வழியாக வரும் வேலை. தரகு நிறுவனத்தின் பெயரில் சம்பளம், ஆலையில் உழைப்பு. 2015 முதல், குறைந்த சம்பளக்காரர் ஒருவர் ஒரே இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் அப்படி வேலை செய்தால், ஆலையே அவருடைய முதலாளியாகக் கருதப்படும். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

டென்மார்க் வேறு வழியில் போனது. அங்கே நீக்குவது சுலபம். ஆனால் வேலை போனவருக்கு நல்ல உதவித்தொகை, கூடவே மறுபயிற்சி, வேலை தேடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். அவர்கள் வேலையைக் காப்பாற்றவில்லை, ஆளைக் காப்பாற்றுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அதற்கு டென்மார்க் கட்டும் வரி அழகாக இருக்காது. இங்கே வேலையின்மைக் காப்பீட்டுக்குத் தொழிலாளி சம்பளத்தில் 1 விழுக்காடும் முதலாளி 1 விழுக்காடும் செலுத்துகிறார்கள். ஒருநாளும் வேலை செய்யாத இளைஞன் அதில் ஒரு சென்ட்கூட எடுக்க முடியாது. ‘டென்மார்க்கைப் பார்’ என்று சொல்பவர்கள் நீக்கும் பாதியை மட்டும் கொண்டுவர விரும்பினால், அது பாதி டென்மார்க் அல்ல, முழு ஸ்பெயின்.

நம் தொட்டி ஏன் வழிகிறது

எண்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு சொல். வேலை இல்லாதவர் எல்லோரும் புள்ளிவிவரத்தில் வேலையற்றவர் ஆவதில்லை. கடந்த நான்கு வாரங்களில் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரவும் தயாராக இருக்க வேண்டும். தேடித் தேடி அலுத்து உட்கார்ந்துவிட்டவரையும் சேர்த்துக்கொள்வது விரிந்த கணக்கு. வேலையின்மை விகிதம் என்பது, வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த தொகையில் தேடுவோரின் பங்கு.

2025-இன் முதல் காலாண்டில் தென்னாப்பிரிக்காவின் விகிதம் 32.9 விழுக்காடு, விரிந்த கணக்கில் 43.1. 15 முதல் 24 வயதுக்காரர்களிடையே 60-ஐத் தாண்டுகிறது. வேலையற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு வருடத்துக்கு மேல் தேடுகிறார்கள்.

இவ்வளவு உயரத்தை நீக்கச் சட்டம் ஒன்றின் மேல் ஏற்ற முடியுமா? சட்டம் இதைவிட இறுக்கமான எத்தனையோ நாடுகளில் வேலையின்மை இதில் பாதிகூட இல்லை. இங்கே தொட்டியில் நிற்பவர்களில், வேலையை இழந்து வந்தவர்களைவிட வேலையே பார்த்திராதவர்கள் அதிகம். அவர்கள் வெளியேறும் குழாயில் சட்டம் ஓர் அடைப்பு. அதைவிடத் தடித்த அடைப்புகள் உண்டு. நிறவெறி அரசு மக்களை நகரத்திலிருந்து தள்ளிக் குடியமர்த்தியது. இன்றும் வேலை தேடப் போவதற்கே மினிபஸ் டாக்ஸிக்குக் காசு வேண்டும். பள்ளி முடித்தும் கணக்கு வராத பிள்ளைகள். பல வருட மின்வெட்டு. மக்கள்தொகை வேகத்துக்கு ஈடுகொடுக்காத வளர்ச்சி. பெரியம்மாவின் ஆலையை மூடியதுகூடச் சட்டம் அல்ல. 1990-களில் இறக்குமதி வரி இறங்கியது, பிறகு சீனச் சட்டை வந்தது.

சுருக்கமாக: சட்டத்தைத் தளர்த்தினால் சிறிய கடைகளில் கொஞ்சம் வேலை கூடலாம். 33-ஐ 10 ஆக்கும் மந்திரம் அதில் இல்லை.

வேலையின்மையே இல்லாத நட்டால்

வேலையின்மையைக் குறைப்பது ஒன்றே குறி என்றால், நட்டால் அதை முன்பே சாதித்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று, தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் வேலை தயார். ஐந்து வருட ஒப்பந்தம். ஒருவரும் வேலையற்றவர் இல்லை. ஏனென்றால் ஒருவரும் வேலையைவிட முடியாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே வந்தால் குற்றம், வேலைக்கு வர மறுத்தால் சிறை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியதும், 1895-இல் ஆளுக்கு 3 பவுண்ட் வரிக்குச் சட்டம் போட்டார்கள். கட்ட முடியாவிட்டால் திரும்ப ஒப்பந்தத்துக்குப் போ, இல்லை ஊருக்குக் கப்பல் ஏறு. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது.

நெகிழ்வு பற்றிப் பேசும்போது முதலாளி ஆளை அனுப்பும் சுலபத்தை மட்டும் அளக்கிறோம். தொழிலாளி வேலையை விட்டுப் போகும் சுலபமும் நெகிழ்வுதான். அடுத்த வேலை பக்கத்தில் இருந்தால் அது அவர் கையில் இருக்கும். மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாட்டில் சட்டம் தடுக்காவிட்டாலும் யாரும் வேலையை விடத் துணிவதில்லை.

மூன்று மாதக் கேள்வி

தொழிலாளர் சட்டத்தைத் திருத்தும் பேச்சு இப்போது நடக்கிறது. 2025-இல் வெளியே தெரிந்த யோசனைகளில் இரண்டு நமக்குப் பயன்படும். ஒன்று, வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்துக்கு நியாயமற்ற நீக்கம் பற்றிய பாதுகாப்பு பொருந்தாது. மற்றது, ஆட்குறைப்பில் வருடத்துக்கு ஒரு வாரமாக இருந்த இழப்பீடு இரண்டு வாரமாகும்.

தொட்டிக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். முதல் யோசனை வாசலில் நிற்பவருக்கு வெளியேறும் குழாயைக் கொஞ்சம் திறக்கிறது. ஆளைத் தெரியாமல் எடுக்கும் பயம் குறையும், தெரிந்தவர் சிபாரிசு இல்லாத பையனுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அதே நேரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருக்கவும் அது வழி வைக்கிறது, ஸ்பெயினின் தற்காலிக ஒப்பந்தம்போல. இரண்டாவது யோசனை உள்ளே இருப்பவருக்குக் காவலைக் கூட்டுகிறது, நீக்கும் குழாயைச் சற்று இறுக்குகிறது. ஆள் எடுக்கும் நாளில் எழுதும் மனக் கணக்கிலும் ஒரு வரி கூடும்.

கூழ் வரிசை நகர்ந்து அண்டா அருகே வந்துவிட்டது. மூன்று மாத யோசனையைச் சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்தது.

“மூன்று மாதம் போதும். ஒருவன் கை சுத்தமா, நேரத்துக்கு வருகிறானா என்று அதற்குள் தெரிந்துவிடும். இப்படி ஒரு சட்டம் வந்தால் நாளைக்கே கடைக்கு ஒரு பையனைச் சேர்ப்பேன்” என்றார்.

பெரியம்மா சொம்பை நீட்டிக் கூழை வாங்கிக்கொண்டு திரும்பினார். “நல்ல பையனாக இருந்தால், நான்காவது மாதமும் அவனே வருவானா தம்பி?”